தம்பிமாரின் மூன்று நாள்

சென்ற மாதம் என் பழைய பிரிவு அலுவலகத்திலிருந்து இரண்டு இளம் பொறியாளர்கள், நாகல் நகரில் இருக்கும் என் வீட்டைத் தேடி ஆட்டோவில் வந்திருந்தார்கள். விவசாய மோட்டார்களுக்குத் தனி லைன் இழுக்கப் போகிறார்களாம். எந்தக் கிழமை, எந்த நேரம், எந்த ஊருக்கு மின்சாரம் விடுவது என்பதையெல்லாம் இனிமேல் கணினியே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுமாம். காப்பி குடித்துக்கொண்டே ஒருவர் மடிக்கணினியில் படத்தைக் காட்டினார். அழகான படம்தான். துணைமின்நிலையம், லைன், டிரான்ஸ்பார்மர், மோட்டார் எல்லாம் வண்ண வண்ணமாக இருந்தன. "இதுல கிணறு எங்கப்பா இருக்கு?" என்று கேட்டேன். இருவரும் படத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். "கிணறு நம்ம துறையில வராது மேடம்," என்றார் ஒருவர்.

பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பதில் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. அதே பதிலை நான் வேலையில் இருந்தபோதே கேட்டிருக்கிறேன், அதன் பலனையும் பார்த்திருக்கிறேன். பழைய அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று போகும்போது கேட்டுவிட்டுப் போனார்கள். கேட்டதற்கு எழுதுகிறேன். படிக்க இனிமையாக இருக்காது.

நான் டிப்ளமோ முடித்து மின்சாரத் துறையில் சேர்ந்தபோது, மனு கொடுக்க வருகிறவர்கள் என்னைப் பார்த்து, "சார் இல்லையாம்மா?" என்று என்னிடமே கேட்பார்கள். நான்தான் சார் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனது. கம்பத்தில் ஏறிக் காட்டினால்தான் சம்பளம் என்று சக ஊழியர்கள் கேலி செய்தார்கள். ஏறிக் காட்டினேன், கேலி நின்றது. பயிற்சியில் கற்றதில் ஒன்றை மட்டும் கடைசிவரை மறக்கவில்லை. லைன் ஆஃப் ஆகிவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதே, நீயே பார்த்து, கம்பியை மண்ணோடு இணைத்து எர்த் போட்ட பிறகு கையை வை. மற்றதெல்லாம் வேலையில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டதுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் வேடசந்தூரிலிருந்து குஜிலியம்பாறைப் பக்கம் போகிற ஒரு பிரிவுக்கு என்னை மாற்றினார்கள். மழையை நம்பிய பூமி. கிணறு உள்ளவர்கள் சின்ன வெங்காயமும் மிளகாயும் போடுவார்கள், இல்லாதவர்கள் நூல் மில்லுக்குப் போவார்கள். அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் ராமநாதன் சார். உதவி செயற்பொறியாளர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

டிரான்ஸ்பார்மர் எரிந்துவிட்டது என்று ஊர்க்காரர்கள் வந்து நின்றால் அவர் செய்கிற முறை ஒருநாளும் மாறாது. ஜீப்பை விட்டு இறங்கியதும் லைன் ஆஃப் ஆகி எர்த் போட்டாயிற்றா என்று தானே போய்ப் பார்ப்பார். பிறகு அடியிலுள்ள வால்வைத் திறந்து, எண்ணெயை உள்ளங்கையில் கொஞ்சம் பிடித்து முகர்ந்து பார்ப்பார். கருகல் வாசம் இருந்தால் மூக்கை லேசாகச் சுருக்குவார். மெக்கர் வைத்துப் பார்க்கச் சொல்வார். உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் கெட்டுவிட்டதா என்று காட்டுகிற கருவி அது. முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டால், ஜீப் பானெட் மேலேயே காகிதத்தை வைத்து மாற்று டிரான்ஸ்பார்மருக்கு உத்தரவு எழுதிவிடுவார். நாளைக்கு அலுவலகத்துக்கு வா, மனு கொடு என்கிற பேச்சே கிடையாது. வயர்மேனைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கிவிட்டால் நாங்கள் வாயை மூடிக்கொள்வோம். மற்ற இடங்களில் வாரக் கணக்கில் இருட்டில் கிடந்த காலத்தில், அவருக்குக் கீழே இருந்த ஊர்களுக்கு இரண்டொரு நாளில் மின்சாரம் வந்துவிடும். மாவட்டத்திலேயே அவருக்கு நல்ல பெயர். நானும் அவரை மதித்தேன், இப்போதும் மதிக்கிறேன்.

ஆனால் ஓர் ஊரில் ஒரே டிரான்ஸ்பார்மர் திரும்பத் திரும்ப எரிந்தது. ஊரின் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். புதிதாக வைத்தால் சில மாதம் தாங்கும், மறுபடி எண்ணெய் கருகும், மறுபடி பானெட் மேல் உத்தரவு. மூன்றாவது முறை எரிந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. எரிந்ததைப் பார்ப்பதை விட்டுவிட்டு, எரித்தது எது என்று பார்க்கலாம் என்று தோட்டம் தோட்டமாக நடந்தேன்.

காரணம் ஒரு குச்சி. மோட்டார் ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் மோட்டார் ஓடும், மின்சாரம் போனால் நின்றுவிடும், வந்தால் மறுபடி ஆள் போய் அழுத்த வேண்டும். அந்த ஊரில் ஒவ்வொரு ஸ்டார்ட்டரிலும் பொத்தானை அழுத்தியபடி ஒரு குச்சியைச் செருகிக் கட்டி வைத்திருந்தார்கள். மின்சாரம் வந்த அந்த நொடியே ஊரிலுள்ள அத்தனை மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும். ஓடுகிற மோட்டார் இழுப்பதைவிடக் கிளம்புகிற மோட்டார் பல மடங்கு இழுக்கும். டிரான்ஸ்பார்மர் என்ன செய்யும், வெந்துதான் போகும்.

குச்சி ஏன் செருகினீர்கள் என்றால், மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாது என்றார்கள். காத்திருந்தால் என்ன என்றால், கிணற்றில் தண்ணீர் குறைவு, அக்கம்பக்கத்துக் கிணறுகளில் முந்தி இறைப்பவனுக்குத்தான் கிடைக்கும் என்றார்கள். ஏன் குறைவு என்றால், எல்லா மோட்டாரும் மின்சாரம் இருக்கிற நேரமெல்லாம் ஓடுகிறதே, கிணறு ஊறுவதற்கு எங்கே நேரம் என்றார்கள். கிணறு வற்றினால் ஆழ்துளை போடுவார்கள், ஆழம் கூடினால் பெரிய மோட்டார், பெரிய மோட்டார் வந்தால் டிரான்ஸ்பார்மர் இன்னும் சீக்கிரம் எரியும், எரிந்தால் மின்சாரத்தின் மேல் நம்பிக்கை போய்க் குச்சி இன்னும் இறுகும். எங்கே தொடங்கினாலும் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றேன். அந்த வட்டத்தில் நாங்களும் இருந்தோம். ராமநாதன் சார் எவ்வளவு சீக்கிரம் மாற்றிக் கொடுத்தாரோ அவ்வளவு தைரியமாக ஊரில் புது மோட்டார் இறங்கியது.

இதை அவரிடம் சொன்னபோது பொறுமையாகக் கேட்டார்.

"ஸ்டெல்லா, அவங்களுக்கு வேண்டியது கரண்ட். நாம குடுக்க வேண்டியதும் கரண்ட். நடுவுல கிணத்தைக் கொண்டாந்து வைக்காதீங்க."

"நான் வைக்கல சார். அது நடுவுலதான் இருக்கு."

கண்ணாடியைக் கழற்றப் போனவர் கழற்றவில்லை. "சரி, ஒரு ஊர்ல செஞ்சு பாருங்க. எரிஞ்சா மாத்தத்தான் நான் இருக்கேனே," என்றார்.

ஊர்ப் பொதுவிடமான மந்தையில் கூட்டம் போட்டோம். கிணற்று முறையைப் பற்றி அங்கேதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். அந்த ஊரில் பெரும்பாலான கிணறுகள் அண்ணன் தம்பிகளுக்குப் பொது. பாகப் பத்திரத்திலேயே முறை எழுதியிருக்கும். வெள்ளிக்கிழமை யாரும் இறைப்பதில்லை, கிணறு ஊற விட்டுவிடுவார்கள். சனி, ஞாயிறு, திங்கள் மூத்தவன் முறை. செவ்வாய், புதன், வியாழன் இளையவன் முறை. ஒவ்வொரு கிணற்றுக்கும் இதே கிழமைகள்தான். வழக்கம் அப்படி.

இந்தக் கிழமை முறையைத் தொடாமல், ஒவ்வொரு நாளுக்குள்ளும் நேரத்தைப் பிரித்து ஏற்பாட்டைச் செய்தேன். மேட்டுக்காட்டு மோட்டார்கள் மின்சாரம் வந்ததும் ஓடட்டும். மத்தியான ஷிப்டுக்கு மில் சங்கு ஊதியதும் அவை நிற்க, பள்ளக்காட்டு மோட்டார்கள் ஓடட்டும். மோட்டார் நின்ற நேரத்தில் அந்தக் கிணறு ஊறட்டும். மின்சாரம் விடுகிற நேரத்தை முன்கூட்டியே ஊருக்குச் சொல்வது எங்கள் பொறுப்பு, குச்சியை எடுப்பது அவர்கள் பொறுப்பு. கூட்டத்தில் இதைச் சொல்லி முடித்தேன். அப்போது முருகேசன் எழுந்தார். அண்ணன் கருப்பையாவோடு கிணற்றில் பாதிப் பங்கு உள்ளவர். மெலிந்த ஆள், குரல் மட்டும் கனம்.

"ஏலே, அம்புட்டுப் பேரும் குச்சியச் சொருகி என்னத்தக் கண்டோம்? எஞ்சினியரம்மா சொல்றத ஒரு வெள்ளாமைக்குச் செஞ்சுதேன் பாப்பமே. நான் மொதல்ல எடுக்குறேன்."

எடுத்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எடுத்தார்கள். இரண்டு வருடம் அந்த டிரான்ஸ்பார்மர் எரியவில்லை. கோடையிலும் கிணறுகளில் தண்ணீர் நின்றது. புதிதாக யாரும் ஆழ்துளை போடவில்லை. முருகேசனின் மனைவி செல்லம்மாள் ஒருநாள் அலுவலகத்துக்கே வந்து ஒரு பை வெங்காயத்தை மேசை மேல் வைத்துவிட்டு, வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் பஸ் ஏறிப் போய்விட்டார்.

பிறகு மழை பொய்த்தது. எங்கும் மின்தட்டுப்பாடு. மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது: இந்த லைனுக்கு இனிமேல் செவ்வாய், புதன், வியாழன் மூன்று பேஸ் மின்சாரம் கிடையாது, அதற்கு ஈடாக மற்ற நாட்களில் கூடுதல் நேரம் தரப்படும். விவசாய மோட்டார் ஓட மூன்று பேஸ் வேண்டும். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்ற கணக்கில் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. ஆனால் ஊரிலிருந்த தம்பிமார் எல்லோரும் ஒரே உத்தரவில் தண்ணீர் இல்லாதவர்கள் ஆகிவிட்டார்கள்.

மறுநாளே முருகேசன் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எங்க மூணு நாளுலதேன் கரண்டு இல்லையாம்ல. இது தெரிஞ்சு செஞ்சதா, தெரியாமச் செஞ்சதா?"

"தெரியாமத்தான். அண்ணன்கிட்ட நாள் மாத்திக் கேட்டுப் பாத்தீங்களா?"

"கேக்காம இருப்பனா? அவருக்கும் நாலு பிள்ளைக. பாவம், திங்கக்கெழமைய எனக்கு விட்டுக் குடுத்துட்டாரு. மத்த வீடுகள்ல அதுகூட இல்ல, வெட்டுக் குத்துன்னு நிக்கிறாய்ங்க. வெங்காயம் காய் பிடிக்கிற நேரம்மா. ஒரு நாத் தண்ணி எப்படிப் பத்தும்?"

"எழுதி அனுப்புறேன். கொஞ்சம் பொறுங்க."

"நான் பொறுப்பேன். பயிரு பொறுக்குமா?" என்று கேட்டுவிட்டு, அவரே சங்கடப்பட்டு, "சரிங்கம்மா, வாரேன்," என்று கிளம்பினார்.

அன்றே எழுதினேன். கிணற்று முறை என்றால் என்ன, கிழமைகள் ஏன் முக்கியம், நிறுத்தும் நாட்களை வாரம் ஒருமுறை மாற்றிப் போட்டால் அண்ணனுக்கும் தம்பிக்கும் எப்படிச் சமமாகும் என்று விவரமாக எழுதினேன். ராமநாதன் சார் படித்துவிட்டு, "ஊருக்கு ஊர் ஒரு வழக்கம்னு மேல சொன்னா சிரிப்பாங்க," என்றார். ஆனாலும் தன் குறிப்போடு அனுப்பினார். பதில் சீக்கிரமே வந்தது. வார மணிக்கணக்கு குறைக்கப்படாததால் மாற்றம் தேவையில்லை. கீழே கையெழுத்து. அதை எழுதிய மனிதரை நான் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் அந்த மந்தையில் கொண்டுபோய் நிறுத்தி, அதை ஒருமுறை வாய்விட்டு வாசிக்கச் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சரசரவென்று நடந்தது. அண்ணனிடம் நாள் கடன் வாங்கிய தம்பிமாருக்கு வாரத்தில் ஒரே நாள். அந்த ஒரு நாளில் மில் சங்குக்காக எவன் காத்திருப்பான்? ஒருவர் குச்சியைச் செருகினார். அடுத்த தோட்டத்துக்காரர் பார்த்துவிட்டுத் தானும் செருகினார். வயர்மேன் பாண்டி ஒருமுறை சுற்றிப் பிடுங்கிப் போட்டார். அவர் சைக்கிள் திரும்புவதற்குள் மறுபடி ஏறிவிட்டது. கடைசியாகச் செருகியவர் முருகேசன் என்று பாண்டி சொன்னார். முதலில் எடுத்தவரும் அவர்தான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை காலை மின்சாரம் வந்தது. எல்லா மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பின. டிரான்ஸ்பார்மர் தாங்கியது, ஆனால் மேலே உயரழுத்தப் பக்கத்து பியூஸ் ஒன்று அறுந்துவிட்டது. பாண்டிக்குப் பல ஊர்கள். அந்த நேரம் அவர் அடுத்த பஞ்சாயத்தில் அறுந்து கிடந்த கம்பியைக் கட்டிக்கொண்டிருந்தார். தகவல் சொல்லச் சைக்கிளில் ஆள் போயிருக்கிறது. முருகேசன் கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார். வெயில் ஏற ஏறப் பொறுக்கவில்லை. டிரான்ஸ்பார்மருக்குக் கீழே ஒரு கைப்பிடி இருக்கும். அதை இறக்கினால் மேலே லைனைச் சேர்க்கிற மூன்று தகட்டுக் கத்திகள் விலகி லைன் துண்டிக்கப்படும். வயர்மேன் செய்வதை ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். கைப்பிடியை இறக்கினார். மூன்றில் இரண்டு கத்திகள் விலகின. துரு ஏறிய மூன்றாவது விலகவில்லை. கீழே இருந்து பார்த்தால் அது தெரியாது. அவர் ஏறினார்.

நாங்கள் ஜீப்பில் போய்ச் சேர்ந்தபோது அவரை இறக்கி வேப்பமரத்தடியில் கிடத்தியிருந்தார்கள். கருப்பையா தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டு, "நான் வேற நாளாக் குடுத்திருக்கக் கூடாதா, நான் வேற நாளாக் குடுத்திருக்கக் கூடாதா," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கூட்டம் விலகி வழி விட்டது.

போலீஸ் வந்து எழுதியது. உடலை வேனில் ஏற்றித் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். கருப்பையா கூடப் போனார். முருகேசனின் வீடு தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. செல்லம்மாளைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் அழுது ஓய்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராமநாதன் சார் வழக்கம்போல ஜீப் பானெட் மேல் காகிதத்தை வைத்து விபத்து அறிக்கையை எழுதினார். காரணம் என்ற இடத்தில், அனுமதியின்றி மின்கம்பத்தில் ஏறியது, என்று எழுதினார்.

"சார், அது மட்டுமா காரணம்?" என்றேன்.

"கத்தி திறக்காததையும் எழுதுறேன்."

"உத்தரவு?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "இதுல அதுக்கு இடம் இல்ல ஸ்டெல்லா," என்றார். குரலில் கோபம் இல்லை.

அதற்குள் ஊர்ப் பெரியவர்கள் வந்து, கரண்ட்டை விட்டுவிடுங்கள், மாடு கன்றுக்குக்கூடத் தண்ணீர் இல்லை என்றார்கள். பாண்டி துணைமின்நிலையத்துக்கு போன் பேசி லைன் முழுவதையும் நிறுத்தச் சொன்னார். உறுதி செய்துகொண்டு, எர்த் போட்டு, ஏறினார். துருப்பிடித்த கத்தியை விடுவித்து, புது பியூஸ் கட்டி, இறங்கி, எர்த்தைக் கழற்றி, கைப்பிடியை மேலே ஏற்றினார். பிறகு மூலைக் கடைத் தொலைபேசியில், எங்கள் முறைப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னார். "ஆளுக எல்லாம் எறங்கியாச்சு. லைன் குடுக்கலாம்." சொல்லிவிட்டு ரிசீவரை வைக்காமல் அப்படியே நின்றார்.

மின்சாரம் வந்தது. வீட்டுக்குப் பின்னால் முருகேசனின் மோட்டார் ஓடத் தொடங்கியது. குழாயில் இருமிவிட்டுத் தண்ணீர் கொட்டுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

"அந்த மோட்டார யாரு போட்டது?" என்று திடுக்கிட்டுக் கேட்டார் ராமநாதன் சார்.

"யாரும் போடல சார்," என்றார் பாண்டி. "குச்சி சொருகியிருக்கு."

உள்ளே செல்லம்மாள் எழுந்துவிட்டார். பெண்கள் அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள். "ஏத்தா, இன்னிக்குமா?" என்று ஒரு கிழவி அழுதாள்.

"விடுங்க. தண்ணி சும்மா போகுது," என்றார் செல்லம்மாள். "இன்னிக்கு விட்டா அடுத்த திங்கக்கெழமதேன்."

கதவோரம் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார். எங்களைப் பார்த்ததாகவே தெரியவில்லை. சேலையைத் தூக்கிச் செருகி, வாய்க்காலில் இறங்கி, முதல் பாத்தியின் மடையை வெட்டித் திறந்தார். அது நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தார். யாரும் தடுக்கவில்லை. மின்சாரம் நிற்கும்வரை அவர் பாத்தி பாத்தியாகத் திருப்பிக்கொண்டே இருந்தார். உடல் அப்போதும் ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை.